அந்த அம்மாவுக்கு எந்த ஊர்?

வக்கீல் ஹசீனாவிடம் ஒரே ஒரு ஜூனியர் இருந்தார். சீனியருக்கு நாற்பத்து மூன்று வயது. ஜூனியருக்கு ஐம்பத்தெட்டு.

ஜூனியரின் பெயர் குழந்தைவேலு. தொலைபேசித் துறையில் முப்பது வருடம் இருந்தவர். விருப்ப ஓய்வு கொடுத்தபோது வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். மறுவருடமே மனைவி இறந்துவிட்டார். மகன் கனடாவில் இருந்தான். வீட்டில் பேச ஆளில்லாமல்தான் அவர் சட்டம் படிக்கப் போனார் என்று அந்த மலை ஊரில் சொல்வார்கள். அவரும் அதை மறுத்ததில்லை.

கறுப்புக் கோட்டு தைத்துப் போட்டு ஒரு வருடம் ஆகியிருக்கும். அவர் அந்த வயதில் விழுந்து விழுந்து மனப்பாடம் செய்த குற்றச் சட்டங்கள் மூன்றும் ஒரே நாளில் போய், வேறு பெயரில், வேறு எண்களோடு வந்தன. பழைய எண்ணுக்கு நேராகப் புது எண் போட்ட அட்டவணை ஒன்றை வக்கீல் சங்க அறையில் ஒட்டினார்கள். மற்றவர்கள் அதைப் பார்த்துச் சலித்துக்கொண்டு கேரம் ஆடப் போய்விட்டார்கள். குழந்தைவேலு மட்டும் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். தெரிந்த தெருவில் எல்லா வீட்டுக் கதவு எண்ணையும் யாரோ மாற்றி எழுதிவிட்டுப் போனது போலிருந்தது அவருக்கு.

கோர்ட்டும் மாறியிருந்தது. மனுவைக் கணினியில் ஏற்ற வேண்டும். பெரிய வக்கீல்கள் சமவெளியில் தங்கள் அறையிலிருந்தே திரையில் வந்து பேசிவிட்டு மறைந்தார்கள். கூடத்தில் பாதி நாற்காலி காலியாகவே கிடந்தது.

சீனியரின் அறை உரக்கடைக்கு மேலே, மாடியில். அவர் சீனியரை மேடம் என்பார். சீனியர் அவரைச் சார் என்பார். இருவருக்கும் பேச்சு அதிகம் கிடையாது. அந்த ஊரில் வழக்காடும் பெண் ஹசீனா ஒருவர்தான். பதினெட்டு வருடமாக மதியச் சாப்பாட்டை அந்த அறையிலேயே தனியாகச் சாப்பிட்டுப் பழகியவர்.

அந்த வருடம் மழைக்காலத்தில் வீராயியின் வழக்கு வந்தது.

வீராயி தேயிலைத் தோட்டத்து வேலைக்காரி. ஐம்பதைத் தாண்டியவர். கணவர் இல்லை. மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தாள். தோட்டத்து லைன் வீடுகளில் கடைசி வீடு வீராயியுடையது. பக்கத்து வீட்டுக்காரன் அவருடைய தண்ணீர்க் குழாயை மூன்றாவது முறையாக வெட்டிவிட்ட அன்று, செடி கவ்வாத்து செய்யும் கத்தியை வீராயி வீசிவிட்டார். அவன் மணிக்கட்டு எலும்பு வரை இறங்கிவிட்டது. கொடுங்காயம் என்று வழக்குப் போட்டு, சமவெளியில் இருந்த பெண்கள் சிறைக்குக் கொண்டுபோனார்கள். காவலை நீட்டிக்க வேண்டிய நாளில் அவரைக் கோர்ட்டுக்குக்கூடக் கூட்டிவரவில்லை. சிறையில் ஒரு திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். திரையில் மாஜிஸ்திரேட் ஒரு வார்த்தை கேட்டார். திரை அணைந்தது.

ஜாமீன் மனுவைத் தயாரிக்கும்படி சீனியர் ஜூனியரிடம் சொன்னார்.

குழந்தைவேலு கைபேசியில் இருந்த ஏஐயிடம் கேட்டார். அது அழகாக எழுதிக் கொடுத்தது. கூடவே ஒரு தீர்ப்பையும் கொடுத்தது. இதே போல ஒரு கூலித் தொழிலாளி, கணவரை இழந்தவர், தனியாக வாழ்பவர், கத்தியால் ஒருவரைக் காயப்படுத்தியவர். அவரை உயர் நீதிமன்றம் ஜாமீனில் விட்டிருக்கிறது. வருடம் இருந்தது, எண் இருந்தது, தொகுப்பின் பக்கம் இருந்தது, நீதிபதியின் வாசகம்கூட மேற்கோள் குறிக்குள் இருந்தது. குழந்தைவேலுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த வாரமே பேருந்து பிடித்துச் சிறைக்குப் போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வீராயி ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். குழந்தைவேலு அவருக்கு அந்தத் தீர்ப்பைச் சொன்னார். உங்களை மாதிரியே ஓர் அம்மாவை விட்டிருக்கிறார்கள், உங்களையும் விடுவார்கள் என்றார். வீராயி முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

முப்பத்தெட்டாவது நாள் ஜாமீன் கிடைத்தது. மாஜிஸ்திரேட் தன் உத்தரவில் அந்தத் தீர்ப்பை ஒரு பத்தி முழுக்க எடுத்து எழுதியிருந்தார்.

வெளியே வந்த நாலாம் நாள் வீராயி மாடிப்படி ஏறி வந்தார். பையில் வீட்டுக் கொடியில் காய்த்த மேரக்காய் கொண்டுவந்திருந்தார். சீனியர் அப்போது அறையில் இல்லை. போகும்போது வீராயி வாசலில் நின்று குழந்தைவேலுவிடம் கேட்டார்.

“அந்த அம்மாவுக்கு எந்த ஊரு சார்?”

“எந்த அம்மா?”

“என்னய மாதிரியே ஒரு அம்மாவ விட்டாங்கன்னு சொன்னீங்கல்ல, அவங்க. உள்ள இருந்தப்ப தெனம் அவங்களத்தான் நெனச்சுக்குவேன். அவங்களும் இப்பிடித்தான் செவுத்தப் பாத்துப் படுத்திருப்பாங்க, அவங்களுக்கும் ஒரு நாள் பேரு சொல்லிக் கூப்பிட்டிருப்பாங்கன்னு. ஒருக்கா போயிப் பாத்துட்டு வரணும்.”

முழுத் தீர்ப்பில் பெயரும் ஊரும் இருக்கும், எடுத்துச் சொல்கிறேன் என்று குழந்தைவேலு அனுப்பி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மழை பெய்துகொண்டிருந்தது. குழந்தைவேலு உயர் நீதிமன்றத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுத் தேடினார். ஒரு பேருந்து உரிமத் தகராறு வந்தது. வருடத்தை மாற்றிப் போட்டார். ஒன்றும் வரவில்லை. மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டு மாவட்ட நீதிமன்ற நூலகத்துக்குப் போய்த் தீர்ப்புத் தொகுப்புகளைப் புரட்டினார். அந்தப் பக்கத்தில் வேறு யாரோ இருவர் ஒரு வாய்க்கால் கரைக்காக வாதாடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஏஐயிடமே கேட்டார். மன்னிக்கவும், அப்படியொரு தீர்ப்பை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை என்று அது மரியாதையாகச் சொன்னது.

நாலு நாள் அவர் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் சமைத்தார், சாப்பிட்டார், பாத்திரம் கழுவினார். சொல்ல ஒரு விஷயம் இருந்தும் கேட்க ஆளில்லாத வீடு எவ்வளவு பெரியது என்று அந்த நாலு நாளில்தான் அவருக்குத் தெரிந்தது.

ஐந்தாம் நாள் காலை சீனியரின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

“அந்தத் தீர்ப்பு இல்ல மேடம்.”

“எங்க இல்ல?”

“எங்கயுமே இல்ல.”

ஹசீனா பேனாவை மூடி வைத்தார்.

“வேற யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது. அரசு வக்கீல் தேடிப் பாக்கல. மாஜிஸ்திரேட் ஐயாவும் பாக்கல. நான் எழுதுனத நம்பிட்டாங்க.”

“நானும்தான் பாக்கல. என் கையெழுத்தும் இருக்கு.”

குழந்தைவேலு மனு நகலை மேசைமேல் வைத்தார். பிறகு கேட்டார்.

“கோர்ட்ல சொன்னா வீராயி திரும்ப உள்ள போக வேண்டி வரலாம். சொல்லலேன்னா அந்த உத்தரவு அப்படியே கிடக்கும், நாளைக்கு இன்னொருத்தர் அத எடுத்துக் காட்டுவார். நான் என்ன செய்யணும் மேடம்?”

ஹசீனா எழுந்து ஆணியில் மாட்டியிருந்த குடையை எடுத்தார்.

“காலுக்கு நல்லா மூடுன மாதிரி போட்டுக்கிட்டு வாங்க சார். தோட்டத்துல அட்டை கடிக்கும்.”

இருவரும் பேருந்தில் போய் இறங்கி, தேயிலைக்கு நடுவே ஒன்றரை மைல் நடந்தார்கள். மேகம் தரையோடு தரையாக நகர்ந்துகொண்டிருந்தது. சீனியர் பேசிக்கொள்வார், தான் பக்கத்தில் நின்றால் போதும் என்று குழந்தைவேலு நினைத்திருந்தார். வீராயி கறுப்புத் தேநீர் கொடுத்தார். ஹசீனா அதை வாங்கிக்கொண்டு வாசல் கல்லில் உட்கார்ந்து வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டார்.

வேறு வழியில்லாமல் குழந்தைவேலுவே சொன்னார். கைபேசி எழுதியதை, தான் சரிபார்க்காமல் விட்டதை, நூலகத்துக்குப் போனதை, எல்லாம் சொன்னார்.

வீராயிக்கு முதலில் விளங்கவில்லை.

“அந்த அம்மா செத்துப் போயிட்டாங்களா சார்?”

“இல்லம்மா. அப்படி ஒருத்தர் இருந்ததே இல்ல.”

வீராயி அடுப்பின் பக்கம் திரும்பினார். அடுப்பில் ஈர விறகு புகைந்துகொண்டிருந்தது.

“அப்ப அங்க நான் ஒருத்திதான் கெடந்திருக்கேன்” என்றார்.

குழந்தைவேலு சீனியரைப் பார்த்தார். சீனியர் திரும்பவில்லை.

அவர் மிச்சத்தையும் சொன்னார். கோர்ட்டில் சொன்னால் ஜாமீன் ரத்தாகலாம். சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. உள்ளே போகப் போவது வீராயி என்பதால் அவரைக் கேட்காமல் எதுவும் செய்ய முடியாது.

வீராயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“கத்திய வீசுனது நான்தான். வீசலன்னு நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. வெளிய வந்ததுல எதுக்கு சார் பொய்யி? சொல்லிருங்க.” கொஞ்சம் யோசித்தார். “என்னைக்குன்னு முன்னாடியே சொல்லிருங்க. கோழிய யாருகிட்டயாச்சும் விடணும்.”

திரும்பும்போது பேருந்து வரும் வரை இருவரும் ஒரு குடைக்குள் நின்றார்கள்.

“நீங்க பேசுவீங்கன்னு நெனச்சேன் மேடம்.”

“சிறையில நீங்கதானே சார் சொன்னீங்க.”

அறைக்கு வந்ததும் ஹசீனா அலமாரியிலிருந்து புதுச் சட்டப் புத்தகத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். ஜாமீன் பிரிவை வாய்விட்டு வாசிக்கச் சொன்னார். குழந்தைவேலு வாசித்தார். இதுவரை அவர் அந்தப் பிரிவை அட்டவணையில் பார்த்திருக்கிறார், கைபேசியில் சுருக்கமாகப் பார்த்திருக்கிறார். புத்தகத்தில் முழுதாக வாசித்தது அன்றுதான். பாதியில் அவர் குரல் நின்றது. பெரிய தண்டனைக்குரிய குற்றமானாலும், குற்றம் சாட்டப்பட்டவர் பெண்ணாக இருந்தால் ஜாமீனில் விடலாம் என்று அந்தப் பிரிவுக்குக் கீழேயே ஒரு வரி இருந்தது. பழைய சட்டத்திலும் அந்த வரி இருந்தது. எண்ணைத் தேடிய அவசரத்தில் அவர் அந்த வரியைத் தொலைத்திருந்தார்.

“இது ஒண்ணே போதுமா இருந்திருக்கு” என்றார் மெல்ல.

“போதும்னு சொல்ல முடியாது. விடலாம்னுதான் இருக்கு. விடணும்னு இல்ல.”

“இத முதல்லயே காட்டியிருக்கலாமே மேடம். அந்தம்மாவ இப்படிப் பயமுறுத்தி...”

“காட்டியிருந்தா தோட்டத்துக்கு வந்திருப்பீங்களா சார்?”

குழந்தைவேலு புத்தகத்தை மூடினார்.

திங்கட்கிழமை கோர்ட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். திரையில் இரண்டு கட்டங்களில் இரண்டு வக்கீல்கள் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். கடைசி வரிசையில் வீராயி மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாற்றுச் சேலை இரண்டு, ஒரு போர்வை.

பிழையைத் தெரிவிக்கும் மனுவில் ஹசீனா முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். எழுந்து பேசியது குழந்தைவேலு.

மாஜிஸ்திரேட் இளைஞர். இந்த ஊருக்கு வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“அந்தப் பத்திய நான் என் உத்தரவுல எழுதியிருக்கேன்.”

“ஆமாங்கய்யா.”

“என் கையெழுத்துக்கு மேல.”

“ஆமாங்கய்யா.”

அரசு வக்கீல் தன் வழக்குக் கட்டைப் புரட்டுவதுபோலக் குனிந்துகொண்டார். குழந்தைவேலு சட்டப் பிரிவின் அந்த ஒரு வரியை வாசித்தார். வேறு தீர்ப்பு எதையும் காட்டவில்லை. அவர் பேசியது நாலே வாக்கியம்.

மாஜிஸ்திரேட் எழுந்து உள்ளே போனார். மூன்று மணிக்கு வந்து புது உத்தரவை வாசித்தார். இல்லாத தீர்ப்பைப் பற்றிய பத்தியை இனி யாரும் எதற்கும் எடுத்தாளக் கூடாது. சட்டப் பிரிவே இடம் கொடுப்பதாலும், குற்றம் சாட்டப்பட்டவர் எங்கும் ஓடிவிடாததாலும் ஜாமீன் தொடரும். வழக்கறிஞர் குழந்தைவேலு தாக்கல் செய்யும் மனுக்களில் ஒவ்வொரு மேற்கோளுக்கும் முழு நகல் வைக்க வேண்டும். வைத்தாலும் இந்த நீதிமன்றம் வரி வரியாகச் சரிபார்த்த பிறகே அவற்றை ஏற்கும்.

வெளியே வராந்தாவில் வீராயி துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். குழந்தைவேலு அருகில் போனார்.

“வரேன் சார். நாலு மணிக்கு பஸ்ஸு” என்றார் வீராயி. படியிறங்கிப் போய்விட்டார். வேறெதுவும் கேட்கவில்லை.

அதன் பிறகு சங்க அறையில் குழந்தைவேலு நுழைந்தால் கேரம் பலகையைச் சுற்றியிருந்த பேச்சு நின்றது. மறைவாக அவருக்கு உத்தமர் என்று பேர் வைத்திருந்தார்கள். தானும் மாட்டிக்கொண்டு மாஜிஸ்திரேட்டையும் மாட்டிவிட்டார் என்று ஒருவர் காதுபடவே சொன்னார். டீக்கு யாரும் கூப்பிடவில்லை. வழக்குக் கொடுத்திருந்த இரண்டு கட்சிக்காரர்கள் வந்து தங்கள் கட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். மகனிடம் கனடாவுக்குப் பேசும்போது வேலை எப்படி என்று அவன் கேட்டான். நன்றாகப் போகிறது என்றார்.

கோட்டை மடித்து வைத்துவிடலாமா என்று அவர் யோசித்தது உண்டு. ஆனால் காலையில் எழுந்தால் போக வேறு இடமில்லை.

ஒரு மாதம் கழித்து அதே கோர்ட்டில் அவர் ஒரு மனு தாக்கல் செய்தார். சாதாரண சிவில் மனு; அந்த ஊரில் இரண்டு வகை வழக்கையும் ஒரே மாஜிஸ்திரேட்தான் கேட்பார். ஒரு முதியவரின் வீட்டுக்குப் போகும் நடைபாதையை அடுத்த தோட்டக்காரர் வேலி போட்டு அடைத்துவிட்டார். அதைத் திறந்துவிடும்படி இடைக்கால உத்தரவு கேட்டிருந்தார். மற்றவர்களின் மனுக்கள் இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவருடையது வந்ததும் மாஜிஸ்திரேட் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். இரண்டாம் பக்கத்தில் ஒரு தேதியைக் கேட்டார். நாலாம் பக்கத்தில், பாதை கிழக்கே திரும்புகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, வரைபடத்தில் வடக்கே அல்லவா திரும்புகிறது என்றார். குழந்தைவேலு வரைபடத்தைத் திருப்பிப் பிடித்துக் காட்டினார். சரி என்று மாஜிஸ்திரேட் மேலே வாசித்தார். பின்வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். யாரோ சிரித்தார்கள். குழந்தைவேலு இருபது நிமிடம் நின்றார்.

பாதையைத் திறந்துவிட உத்தரவு கிடைத்தது. அது அவர் மனதில் ஏறவே இல்லை.

மாடிப்படி ஏறி வந்தபோது ஹசீனா சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். குழந்தைவேலு கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

“இன்னும் எத்தன நாளைக்கு இப்படி நிக்கணும் மேடம்?”

ஹசீனா டப்பாவின் மூடியைத் திருப்பி, அதில் பாதிச் சோற்றை எடுத்து வைத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

“எத்தன பக்கம் சார் மனு?”

“ஆறு.”

“ஆறையும் படிச்சாரா?”

“ஒரு எழுத்து விடல.”

ஹசீனா ஜன்னலுக்கு வெளியே கோர்ட்டுக் கட்டடத்தைப் பார்த்தார். மேகம் அதன் ஓட்டுக்கூரை வரை இறங்கியிருந்தது.

“பதினெட்டு வருஷமா எழுதுறேன் சார்” என்றார். “என்னோடத இன்னும் யாரும் மூணாம் பக்கம் தாண்டிப் படிச்சதில்ல.”